லிஃப்ட் மெக்கானிக் வீடு பார்த்த வருடம்

லிஃப்ட் மெக்கானிக், தான் இறந்த அடுத்த வருடம் வீடு பார்க்கக் கிளம்பினார். முதலில் பார்த்தது ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு படுக்கையறை வீடு. குழாய்களைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார்த்தார், சுவரைத் தட்டினார், லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார், யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். கூட்டிப்போன புரோக்கருக்கு அவர் இறந்தவர் என்பது தெரியும். இறுதிச் சடங்குக்கே போயிருந்தார். ஆனாலும் வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தானே என்று மறு வாரம் இன்னொரு வீட்டைக் காட்டினார்.

இதற்கு வழி செய்தது அந்தப் புரோக்கர் வேலை பார்த்த வீட்டு வியாபார நிறுவனத்தின் முதலாளி. அறுபது வயதிலும் அவருக்கு ‘விளையாட்டுப் பிள்ளை’ என்றுதான் பட்டப்பெயர். வீடு வாங்கியவர், விற்றவர், வாடகைக்கு இருந்தவர் என்று ஊரில் எல்லோரைப் பற்றிய தகவலும் மலைபோல் குவிந்து கிடக்க, அதை வைத்து விலை மட்டும் கணித்துக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. “இவ்வளவு டேட்டாவை வெச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்றதுக்குக் கடையை மூடிடலாம். எதையாவது எதோடயாவது கலந்து பாருங்க. சொதப்பினா திட்டு எனக்கு, ஜெயிச்சா பேரு உங்களுக்கு” என்றார். ஊழியர்கள் கலந்தார்கள். ஒருத்தி நாய் குரைக்கும் நேரத்தை வாடகையோடு கலந்து, நாய் குரைக்காத தெருக்களில் குடித்தனம் நிலைப்பதில்லை என்று கண்டுபிடித்தாள். இன்னொருவர் பால்கனியில் காயும் துணியை வைத்து யார் வீடு மாறுவார் என்று சொல்லப் போய், அடி வாங்காத குறையாகத் திரும்பி வந்தார். முதலாளி இரண்டு பேருக்கும் கைதட்டினார்.

கண்ணாடிக்காரர் என்று எல்லோரும் கூப்பிட்ட புரோகிராமர் செய்ததுதான் பெரிது. மின்சாரம், தண்ணீர், நடமாட்டம், கடைச் செலவு எல்லாவற்றையும் கலந்து, வீடு வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றும் முன்பே அவரைக் கண்டுபிடித்து அழைப்பு அனுப்பும் புரோகிராம் அது. முதல் ஆளாக அது எடுத்துக் கொடுத்தது லிஃப்ட் மெக்கானிக்கை. எங்கும் விளக்குப் போடாதவர், எங்கும் தண்ணீர் திறக்காதவர், எந்தக் கடையிலும் எதுவும் வாங்காதவர். இவரைவிட வீடில்லாதவர் ஊரில் யார்? தகவலிலிருந்து இறந்தவர்களின் பெயரை நீக்குவது அதே நிறுவனத்தில் மெக்கானிக்கின் மனைவிக்கு வேலை. எத்தனையோ பேரை ஒரே தட்டலில் நீக்கியவளுக்குத் தன் கணவரின் பெயர் வந்தபோது கை வரவில்லை. ஒரு பெயர் இருந்துவிட்டுப் போவதால் யாருக்கு என்ன நஷ்டம்? பாவம், அவள் நினைத்தது அவ்வளவுதான்.

புரோக்கர் சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. கணவர் ஊரெல்லாம் வீடு பார்க்கிறார். தன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை, ஏனென்றால் அது விற்பனைக்கு இல்லை. இது புரிந்த அன்றே வீட்டை விற்பனைக்குப் போட்டாள். “உனக்கென்னம்மா பைத்தியமா? நாம எங்க போறது?” என்று மகள் அழுதாள். “யாரு விக்கப்போறா? அப்பா ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும்டி” என்றாள்.

அவர் வந்தார். செருப்பை வெளியே விட்டு, வணக்கம் சொல்லி, அழைத்த பிறகே உள்ளே நுழைந்தார். இருவரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மகளிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். அவள் அறைக்குள் ஓடித் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டாள். சமையலறை அலமாரியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“கோணலா இருக்கே, யாரு அடிச்சது?”

“எங்க வீட்டுக்காரர்தான்.”

“மட்டம் வெச்சுப் பாத்து அடிக்கச் சொல்லுங்கம்மா.”

சொல்கிறேன் என்றாள்.

அதன்பின் வாரம் தவறாமல் வந்தார். நிஜமாகவே வாங்க வந்தவர்களை அவள் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று பொய் சொல்லித் துரத்தினாள். இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் மனிதர் வரவர இளைத்துப்போனார். செருப்பு தேய்ந்து பாதம் தரையில் பட்டது. மழை பெய்தால் எங்கே ஒதுங்குகிறார் என்று புரோக்கருக்கும் தெரியவில்லை. கடைசியில் முதலாளியே அவள் மேசைக்கு வந்தார். “விளையாடச் சொன்னவன் நான். இப்ப நீ சொல்லும்மா, நிறுத்திடட்டுமா?” நிறுத்தினால் அவர் வரமாட்டார். நிறுத்தாவிட்டால் அலைவார். யோசிக்க ஒரு வாரம் கேட்டாள்.

முடிவை மெக்கானிக்கே சொன்னார். மறு வாரம் வந்து கூடத்தில் உட்கார்ந்தவர், எழுந்திருக்க மனமில்லாமல் சுற்றிலும் பார்த்தார். “எத்தனையோ வீடு பாத்துட்டேன். இங்கதான் மனசு நிக்குது. முடிச்சிடலாம்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “நீங்க எப்ப காலி பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

மாத முடிவில் என்றாள். வீட்டில் பாதி ஏற்கெனவே அவர் பெயரில்தான் இருந்தது, மீதிக்கு அவள் விலை கேட்கவில்லை; கையெழுத்தும் பழைய பத்திரத்தோடு பொருந்தியதால் பதிவாளர் மறுபேச்சுப் பேசவில்லை. அம்மாவும் மகளும் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போனார்கள். சாவியை வாங்கிக்கொண்டபோது, “எதையாவது மறந்து விட்டுட்டுப் போயிருந்தா கவலைப்படாதீங்க, பத்திரமா எடுத்து வெக்கிறேன்” என்றார். சரிங்க என்று அவள் படியிறங்கினாள். வீடு கிடைத்துவிட்டதால் அவருக்கு அழைப்பு வருவது நின்றது. இன்றும் அங்கேதான் இருக்கிறார். நல்ல மனிதர், ஒரு தொந்தரவும் இல்லை, இப்படிக் குடும்பம் இல்லாமல் ஒண்டியாக இருக்கிறாரே என்பதுதான் வருத்தம் என்கிறார்கள் புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்கள்.