தூக்க விசா

எங்கள் பக்கம் திராட்சை பறிக்க வரும் வெளிநாட்டு ஆட்கள் தூங்கிக்கொண்டே வருவார்கள். விசாவே அப்படித்தான் கொடுக்கிறார்கள். பூமிக்கு அந்தப் பக்கம் அவர்கள் படுத்துத் தூங்கும் நேரத்தில் இங்கே நமக்கு விடிகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் அவரவருக்கு எழுதிய தோட்டத்து வாசலில் வந்து நிற்பார்கள். சாயங்காலம், அங்கே விடியும்போது போய்விடுவார்கள். பறிப்பு முடிகிற வரைக்கும்தான் அனுமதி.

எனக்கு எட்டுப் பேர். இரவு உடுப்பிலேயே வருவார்கள். ஒருவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பறிப்பார். அதில் எனக்குக் குறையில்லை. கண்ணை மூடியபடி பந்தலுக்குக் கீழே நடந்து, பழுத்த கொத்தை மட்டும் காம்போடு வெட்டி, பழத்தின் மேலிருக்கும் வெள்ளைப் பூச்சு கலையாமல் பெட்டியில் வைப்பார்கள். விழித்திருக்கும் ஆள் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

நிபந்தனை ஒன்றுதான். வேலைக்கு நடுவில் விழித்துக்கொண்டால் அந்த நொடியிலிருந்து அவர் சுற்றுலாப் பயணி. கத்தரியைத் தொடக் கூடாது. தோட்டக்காரன்தான் சாப்பாடு போட்டு, ஊரைச் சுற்றிக் காட்டி, திரும்பத் தூங்க வைக்க வேண்டும்.

சத்தத்துக்கு அவர்கள் எழுவதில்லை. மோட்டார் ஓடலாம், டிராக்டர் போகலாம், கோயில் ஒலிபெருக்கி அலறலாம். 'சாப்டீங்களா' என்று கேட்டால்தான் எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் நாட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை போலிருக்கிறது. கேட்டதும், சாப்பிட்டோமா என்று யோசிக்கிறார்கள். யோசனை வந்தால் தூக்கம் போய்விடுகிறது. நம் ஆட்களோ எதிரில் ஒரு முகத்தைக் கண்டால் அதைக் கேட்காமல் தாண்டமாட்டார்கள். பழம் அடுக்க வரும் உள்ளூர்ப் பெண்களிடம், அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று தினமும் காலையில் சொல்லுவேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். மண்ணைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லுவேன். ஆனால் ஒரு நாளும் சொல்லாமல் இருந்ததில்லை.

அன்று கடைசி நாள். மேற்கே மலையில் மழை இறங்கிவிட்டது. பழுத்த பழத்தில் மழை விழுந்தால் வெடித்துவிடும், பிறகு யாரும் வாங்கமாட்டார்கள். வியாபாரி சிக்கந்தர் பாய் லாரியைக் கொண்டுவந்து பந்தல் ஓரமாகவே நிறுத்திவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள லோடு நெறையலேன்னா பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருவேன்ணே. அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றார். ஒரு வருட உழைப்பு அந்த லாரியில் ஏற வேண்டும்.

அடுக்குகிற பெண்களுக்குத் தலைவி பவளக்கொடி. எனக்கு மருமகள் முறை. காலிப் பெட்டியை வைக்கப் போனவள் தலையணைக்காரரைப் பார்த்து, "ஏந்தம்பி, சாப்டியா?" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். இல்லை என்று தலையாட்டினார்.

"எத்தனை தடவை சொன்னேன் பவளம்?"

"வாயில வந்துருச்சு மாமா. புள்ள மூஞ்சி வாடிக் கெடந்துச்சு."

"தூங்குறவன் மூஞ்சி வேற எப்படி இருக்கும்?"

ஒருவரோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். "ஒருத்தரைக் கேட்டுட்டு மத்தவங்களைக் கேக்கலேன்னா மனசு நோகாதா?" என்று மற்ற பெண்களும் ஆளுக்கு ஒருவரிடம் போய்க் கேட்டுவிட்டார்கள். தூக்குவாளிகள் திறந்தன. எட்டுப் பேரும் பந்தல் நிழலில் வரிசையாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் என் முன்னால் வந்து நின்றார்கள். சட்டம் சட்டம்தான். கிணற்றைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார்கள். மோட்டார் ரூமைக் காட்டினேன். டிரான்ஸ்பார்மரைக் காட்டினேன். தலையணைக்காரர் உறைக்குள்ளிருந்து கேமராவை எடுத்தார். டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் என்னையே பார்த்தார்கள். அவ்வளவுதான் என்றேன்.

விசா ஏஜெண்ட் துரைப்பாண்டிக்குப் போன் செய்தேன்.

"தாலாட்டுப் பாடுங்கண்ணே. அதுக்கு எந்த நாட்டு ஆளும் தூங்கிருவான்."

"யாரு பாடுறது?"

"நீங்கதான் பாடணும். கூச்சமா இருந்தா ஆள் வெச்சுப் பாடலாம், தப்பில்ல."

ஆள் வைத்தேன். பவளக்கொடி பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்து பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். பயணிகள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்கள். ஒருவர்கூடக் கண் அசரவில்லை. பெண்கள்தான் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். கடைசியில் பவளக்கொடியும் பாட்டுக்கு நடுவிலேயே தூங்கிப்போனாள். பிறகு எல்லோரும் கண்ணைத் திறக்காமலே எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

மறுபடியும் துரைப்பாண்டி.

"அந்த ஆளுங்க நாட்டுல ஆப்பிள் பறிப்பு நடக்குதுண்ணே. நம்ம பொம்பளைங்களுக்கும் போன மாசமே விசா போட்டாச்சு. சொல்லலாம்னு கூப்பிட்டேன், நீங்கதான் போனை எடுக்கல."

"என் பழத்தை யாருப்பா பறிக்கிறது?"

"நீங்க முழிச்சுத்தானண்ணே இருக்கீங்க?"

நானும் சிக்கந்தர் பாயும் பறித்தோம். பாய் கொத்தைப் பிடித்து இழுத்தார்.

"இழுக்கக் கூடாது பாய், வெட்டணும்."

"காசு குடுக்குறவனையே வேலை வாங்குறீங்களேண்ணே!"

பயணிகள் எங்களையும் படம் எடுத்தார்கள். மழை வந்தபோது லாரி பாதிதான் நிறைந்திருந்தது. பந்தலில் மீதிப் பழம் வெடிக்கத் தொடங்கியது. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பயணிகள் மறைந்துபோனார்கள். அங்கே விடிந்துவிட்டது போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பெண்கள் தலையில் பெட்டிகளோடு திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே கண் விழித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"கையெல்லாம் மரத்துப்போச்சு மாமா, அங்க ராத்திரி அப்படிக் குளிரு" என்றாள் பவளக்கொடி. "அந்தத் தோட்டக்காரரு ஒரு வார்த்தை பேசல. வாயில வெரலை வெச்சுக்கிட்டே நிக்கிறாரு. என்ன மனுசனோ!"

ஒழுங்கானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டிகளில் சிவப்பு ஆப்பிள். சிக்கந்தர் பாய் ஒன்றை எடுத்துத் துடைத்து, லாரி விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பைக் கிள்ளினார். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்தத் திராட்சை கொஞ்சம் பெருசு" என்றார். "மழையில ஊறிருச்சு. பரவால்ல, வெடிக்கல."

எல்லாப் பெட்டிகளும் ஏறின. லாரி நிறைந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது, "அடுத்த வருசம் பந்தலைப் பலமாப் போடுங்கண்ணே. இந்தக் கொத்தை இது தாங்காது" என்றார்.

மறுநாள் காலையிலேயே பந்தலுக்குக் கல்தூண் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.