ஒரு சோடிச் செருப்பு

உருத்திரமூர்த்தியின் வாய் ஓட்டைவாய். காலையில் அரசாங்கக் கச்சேரியில், வேலைக்குப் போன இடத்தில், கேட்டதை மத்தியானத்துக்குள் பக்கத்துக் கடை அப்துல் ஸமத்திடம் கொட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனுசனைக் கட்டிக்கொண்டு ஒரு மறைவிடத்தை ஆறு வருஷம் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா?

எழுபத்தேழு இனக்கலவரத்தில் அடிபட்ட பிறகு, அலுவிகாரை வீட்டுச் சாமியறையில் அதைச் செய்வித்தவள் அவர் மனைவி தங்கேஸ்வரிதான். முருகன் படம் மாட்டிய பலகைக்குப் பின்னால், இரண்டு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்க இடம். உள்ளே அரிசிமா, பிஸ்கட், தண்ணீர்க் கான். ஒரே கடையில் வாங்கினால் கண்ணில் படுமென்று பிஸ்கட்டை அடுத்த ஊரான பலாபத்வலவுக்குப் போய் வாங்கினாள்.

"இஞ்சேருங்கோ, ஸமத் நானாவிட்டையும் மூச்சு விடக்கூடாது."

"நான் ஏனப்பா சொல்லப்போறன்?"

அவள் நம்பவில்லை. கடைப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டாலே, 'சொல்லிப்போட்டுது மனுசன்' என்று முடிவுகட்டிவிடுவாள். அன்றைக்கு முழுக்கத் திட்டு விழும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், பட்டப்பகலில் மாத்தளைப் பக்கம் புகை எழுந்தது. முன்கதவுக்கு வெளியே ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டு அடுப்படி வழியாக உள்ளே வந்தாள். ஆளில்லாத வீடென்று நினைக்கட்டும். பின்னாலேயே அவர் ஓடிவந்தார். சட்டை கிழிந்து, நெற்றியில் ரத்தம். இருவரும் பலகைக்குள் நுழைந்து மூடிக்கொண்டார்கள்.

பூட்டை உடைக்கக் கலகக் கும்பலுக்கு அதிக நேரமாகவில்லை. கண்ணாடி நொறுங்கியது. அலுமாரி சரிந்தது. பிறகு ஒருவன் கத்தினான்: "மென்ன செரெப்பு!"

'இந்தா செருப்பு' என்கிறான்; சிங்களத்திலும் அது கிட்டத்தட்ட அதே சொல்தான். தங்கேஸ்வரி அவர் காலைத் தடவிப் பார்த்தாள்; வெறுங்கால். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்போடு வீட்டுக்குள் ஓடிவந்த மனுசன், சாமியறை வாசலில் மட்டும் பழக்கத்தில் கழற்றிவிட்டிருக்கிறார். பாழாய்ப்போன பக்தி! அதிலிருந்த சேறுகூடக் காய்ந்திராது.

ஆள் உள்ளேதான் என்று தெரிந்துகொண்டு அவர்கள் சாமியறையை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படுக்கையறையைக் குடைந்தார்கள். அடுத்துச் சாமியறையையும் குடைவார்கள்.

"ஒரு சோடிதான் கிடக்கு, தங்கேசு," என்றார் அவள் காதில். "ஒராளைத்தான் தேடுறாங்கள்."

அவள் அவருடைய சட்டையைப் பற்றினாள். கிழிந்த துண்டு கையில் தங்கியது. பலகை திறந்து மூடியது.

அவரை அடுப்படியில் பிடித்தார்கள். அவளுடைய உலக்கையாலேயே அடித்தார்கள். பெண்டாட்டி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள். யாழ்ப்பாணம் போய்விட்டாள் என்றார். அடி விழுந்தது. அதே கேள்வி, அதே பதில். எலும்பு முறிவது கேட்டது. அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கடைசியில் கேள்வி மட்டும்தான் கேட்டது.

கூட்டம் போனபின், அடுப்படியில் அப்துல் ஸமத் அழும் குரல் கேட்டுத்தான் பலகையைத் தள்ளினாள். அவளைக் கண்டதும் அவர் எழுந்தார்.

"தங்கச்சி! எங்கேயிருந்து வாறீங்க?"

அவள் சாமியறைச் சுவரைக் காட்டினாள்.

"இப்பிடியொரு எடம் இருக்கிறத எங்கிட்டக்கூட ஒரு நாளும் சொல்லல்லியே இவரு!"

தங்கேஸ்வரி புருஷனின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, வாயிலிருந்த ரத்தத்தை அந்தச் சட்டைத் துண்டால் துடைத்தாள்.

"ஓட்டைவாய் ஓட்டைவாயெண்டு பேசினனே, அப்பா! வாயைத் திறந்து ஒண்டு கதையுங்கோ. ஒண்டே ஒண்டு கதையுங்கோவன்."