சமாதானம் இல்லாத ஆட்டம்

அந்த ஆட்டத்தை உலகத்திலேயே இரண்டு பேர்தான் ஆடினார்கள் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனால் கிட்டத்தட்ட உண்மை அதுதான். அந்த இருவரில் ஒருவரான லிஃப்ட் மெக்கானிக் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, "இதை யாருமே சீண்ட மாட்டேங்கிறாங்க சார், சும்மா வெச்சுக்குங்க" என்று கடைக்காரர் அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டம் இருந்த அட்டைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டார். கட்டம் கட்டமாக ஒரு வரைபடம். சிவப்பில் ஒரு சாம்ராஜ்யம், நீலத்தில் ஒன்று, ஓரமெல்லாம் காட்டுக் கூட்டங்கள். ஊர் கட்டலாம், ரோடு போடலாம், கப்பல் விடலாம், படை திரட்டலாம். சமாதானம் மட்டும் பண்ண முடியாது. ஆட்டத்தைச் செய்த புண்ணியவான் அதற்கென்று ஒரு பட்டனே வைக்கவில்லை. பிறகு எவன் வாங்குவான்?

அப்போது மெக்கானிக்குக் கல்யாணமான புதிது. மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாயங்காலம் இருவரும் வீடு திரும்பியதும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து ஆடுவார்கள். அவர் சிவப்பு, அவள் நீலம். அவளுடைய ஊர்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, ஒரு நாள் ஆற்றங்கரையிலிருந்த அவள் தலைநகரத்துக்கு எதிர்க்கரையில் படையைக் கொண்டுவந்து நிறுத்தினார் மனுஷன். அவள் கீபோர்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். விளையாட்டுக்குத்தானே என்று சிரித்துக்கொண்டே போனவர், அவள் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"சரி, இனிமே ஆத்தைத் தாண்ட மாட்டேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாளே அவள் தலைநகரத்துக் காவல் படையை மொத்தமாகக் கிளப்பி, காட்டுக் கூட்டத்தோடு சண்டைக்கு அனுப்பிவிட்டாள். "ஏய், ஒரு ஆளையாவது காவலுக்கு வை" என்று பதறியவர் அவர்தான். "எதுக்கு? அதான் நீங்க சொல்லிட்டீங்களே" என்றாள். அன்றைக்கு அவளுக்கு 'எதிரி' என்று பெயர் வைத்தார். எதிரி, காபி இருக்கா? எதிரி, என் ஸ்பேனரைப் பாத்தியா? கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் பொய்யாக முறைப்பாள். ஆனால் என்றைக்காவது அவர் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், ஏதோ கோபத்தில் இருக்கிறார் போல என்று அவள் மனசு அடித்துக்கொள்ளும்.

மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வேலைக்குப் போனாள், வேறு வீட்டுக்கும் போய்விட்டாள். ஆட்டம் முடியவில்லை. முடிக்க இருவருக்கும் மனசில்லை. கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டபோதெல்லாம் அவர் எங்கெங்கோ அலைந்து பழைய பாகங்களைக் கொண்டுவந்து போட்டு அதை எழுப்பி வைத்தார்.

பிறகு மறதி வந்தது. பாழாய்ப்போன மறதி, திருடனைப் போல ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது. முதலில் சாமான்களின் பெயர். பிறகு வீட்டுக்கு வரும் வழி. பிறகு மகள். கடைசியில் ஒரு நாள், "நீங்க எந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றீங்கம்மா?" என்று அவளிடமே மரியாதையாகக் கேட்டார். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்த்தினால் போதும், விரல்கள் தானாக ஓடும். படை நகரும், கப்பல் போகும், ஆற்றை மட்டும் தாண்டாது. அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்தாள்.

"அம்மா, போன வாரம் கேஸைத் திறந்துவிட்டுட்டாரு. முந்தாநேத்து நடுரோட்டுல போய் நின்னிருக்காரு. உன்னால முடியலம்மா. அந்த முதியோர் இல்லத்துல இடம் இருக்காம், கேட்டுட்டேன்."

"அவருக்கு என்னைத் தெரியும்டி."

"என்னன்னு கூப்பிடுறாரு உன்னை?"

"கூப்பிடலேன்னா என்ன? ஆத்தைத் தாண்டலையே!"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளும் பாவம், என்னதான் செய்வாள்? "அப்ப ஒரு படையைக் கொண்டாந்து காவலில்லாம கிடக்கிற அந்தத் தலைநகரத்துல வெச்சுத் தொலையேன். எதுக்கு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க?"

"வெச்சா, அவரு தாண்டாதது படைக்குப் பயந்தா, எனக்காகவான்னு எப்படிடி தெரியும்?"

மகள் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். "சரி. இப்ப என் கண்ணு முன்னாடி ஆடட்டும். தாண்டலேன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். தாண்டிட்டா?"

"மாட்டாரு."

"தாண்டிட்டாம்மா?"

"நீ சொல்றபடி கேக்கறேன்." வீம்புக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார். மேற்கே ஒரு ரோடு போட்டார். இரண்டு கப்பல்களைத் துறைமுகத்தில் சேர்த்தார். கடைசியாக ஆற்றங்கரைப் படைக்கு வந்தார். வழக்கமாக அதை அப்படியே விட்டுவிடுவார். அன்றைக்கு விடவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"அட! இங்க பாருங்கம்மா, எதிராளி ஊரை அம்போன்னு விட்டுட்டுப் போயிருக்கான். காவலுக்கு ஒரு ஈ, காக்கா இல்ல! இத்தனை நாளா என் கண்ணுல படவே இல்லையே!"

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க. ஆத்தைத் தாண்ட மாட்டேன்னு சொன்னீங்களே."

"யாருகிட்ட?" என்று கேட்டார். கோபமே இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

படை ஆற்றைத் தாண்டியது. கம்ப்யூட்டர் கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. நீலக் கட்டம் சிவப்பாயிற்று.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகள் எதிரே இருக்கிறாளே என்ற வெட்கம்கூட இல்லை. அவர் பயந்துபோய் எழுந்தார். "அய்யய்யோ, அது உங்க ஊராம்மா? சத்தியமா தெரியாது. அழாதீங்க, இப்பவே திருப்பிக் குடுத்துடறேன்" என்று மறுபடி உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். ஊர் கட்டு, இடி, வரி போடு, படை அனுப்பு என்று எல்லாவற்றையும் திறந்து திறந்து மூடினார். பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க அந்த ஆட்டத்தில் வழி ஏது?

மகளுக்கே தாங்கவில்லை. குனிந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள். "அம்மா, ஆஃப் பண்ணிட்டுப் போட்டா பழைய இடத்துலேர்ந்து வராதா?"

"வரும்டி. ஊரு வரும்" என்றாள்.

"நீங்களாவது வந்து பாருங்களேன்" என்று அவர் மகளைக் கூப்பிட்டார். "இந்த அம்மா ரொம்ப அழுவறாங்க."

தாயே மகளை அந்த இல்லத்துக்குப் போன் போடச் சொல்லி, போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாக வயது கேட்டாள், என்ன மருந்து என்று கேட்டாள், நடப்பாரா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் தாய் பதில் சொன்னாள்.

"வீட்டு ஆளுங்களை அடையாளம் தெரியுதாம்மா? உங்களைத் தெரியுதா?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலைங்க," என்றாள். "எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரட்டும்?"