அடக்கி வைத்த இருமல்

விடிவதற்கு முன்பே முதுகில் கூடை ஏறிவிட்டது. எங்கள் சுரங்கத்தில் நிமிர்ந்து நடக்க இடமில்லை; கல் சுமக்கிற பெண்ணும் தவழ்ந்துதான் வெளியே வரவேண்டும். அதனால் அதற்கு வளை என்றே பேர். முழங்காலில் சுற்றிய சாக்குத்துணி கிழிந்து, சிவப்புக் கல் தோலைப் பிய்த்தது. கார்பைடு விளக்கின் புகை கண்ணைக் கரித்தது. நாளை முதல் இந்தப் பாடு இல்லை என்று யாரும் சந்தோஷப்படவில்லை. நாளை முதல் கஞ்சியும் இல்லை.

ஜப்பானின் இந்தத் தம்பா மலை ஒரு காலத்தில் கடலடியாம். அடியில் படிந்த சேறு இறுகிச் சிவப்புக் கல்லாகிவிட்டது. அதன் நடுவே மாங்கனீசு ஓரிடத்தில் வீட்டளவு வீங்கி நிற்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் நாடா போல இளைத்துக் காணாமல் போய்விடும். வெட்டிய அன்று ரோஜா நிறம், காற்றுப்பட்டால் சில நாளில் கரி நிறம். எங்களைத் தின்றது அந்தக் கறுப்பைவிட அதைச் சுற்றியிருந்த சிவப்புக் கல்தான். டிரில் போட்டால் மாவு மாதிரி தூசி கிளம்பும். நெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது.

முதலாளி ஹடானோவின் அப்பா உளியும் சுத்தியலுமாகத் தொடங்கிய வளை இது. சண்டைக் காலத்தில் எஃகுக்கு மாங்கனீசு வேண்டுமென்று கொரியாவிலிருந்து எங்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். சண்டை முடிந்தது. திரும்பிப் போக வழியில்லாதவர்கள் இங்கேயே கிடந்தோம். இப்போது வெளிநாட்டிலிருந்து கப்பல் கப்பலாக மலிவுக் கல் வருகிறது. எங்கள் கல் யாருக்கும் வேண்டாம். அன்று கடைசி நாள்.

என் கணவர் கி-சோப்பை வளை வாசலின் சுவரோரம் மெத்தையை மடித்துச் சாய்த்து வைத்திருந்தேன். படுத்தால் அவருக்கு மூச்சு நின்றுவிடும். அடுத்த வாரம் தொழிலாளர் அலுவலகத்து ஆள் வந்து வளைக்குள் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். எங்கே, எப்படித் துளைத்தோம் என்று அவர் கண்ணால் பார்த்தால்தான் எங்கள் நோய்க்கு வைத்தியம் கேட்கவே முடியும். அதற்குள் வாசலை வெடிவைத்து மூடிவிட ஹடானோவுக்கு அவசரம்.

எங்கள் பேரிலும் தப்பு உண்டு. இருமுகிறவனிடமிருந்து டிரில்லைப் பிடுங்கிக் கல் அள்ளப் போடுவார்கள், கூலி பாதியாகிவிடும். அதனால் இருமலை அடக்குவதையே ஒரு வித்தையாகப் பழகிக்கொண்டோம். அதில் தோக்-பே மன்னன். கன்னத்தில் ஒரு கூழாங்கல்லை ஒதுக்கிக்கொண்டு, கண் சிவக்க நின்று இருமலை விழுங்கிவிடுவான். போன வருஷம் மருத்துவர் வந்து நெஞ்சில் குழல் வைத்தபோது ஒருத்தர்கூட இருமவில்லை. பன்றிக் கொழுப்பு தூசியை வழித்துக்கொண்டு போய்விடும் என்றும் நம்பினோம். தூசி அடங்கத் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டபோது ஹடானோ பன்றி அனுப்பினான். நாங்களும் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டோம்.

அன்றும் லாரியில் உயிரோடு ஒரு பன்றி வந்து இறங்கியது.

"நல்லாக் கொழுத்தது. வயிறாரத் தின்னுட்டு, வீடுகளக் காலி பண்ணிட்டுப் போங்க" என்றான் ஹடானோ. "தோக்-பே, முதல்ல வாசல்ல வெடிய வையி."

வெடி வைக்கத் தெரிந்தவன் தோக்-பே ஒருவன்தான். அவன் பெட்டியைத் தூக்கினான். நான் கூடையை இறக்கிவிட்டுக் குறுக்கே போய் நின்றேன்.

"முதலாளி, அடுத்த வாரம் ஆபீஸ் ஆளு வர்றாரு. அதுவரைக்கும் தொறந்து கெடக்கட்டும்."

"புள்ளைங்க உள்ள போயி செத்துத் தொலைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"எங்க வீட்டுக்காரரு நெஞ்சுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவன் கப்பல்ல வரும்போதே நோஞ்சான். தூசியால வந்திருந்தா எல்லாருக்கும் வந்திருக்கணுமில்ல? இத்தன பேரு நிக்கிறானுங்க. ஒருத்தன் இருமுறானா, கேளு!"

யாரும் இருமவில்லை. ஆண்களின் தொண்டைகள் மட்டும் ஏறி இறங்கின. இத்தனை வருஷம் நாங்கள் அடக்கியதெல்லாம் அவன் வாயில் எங்களுக்கே எதிரான சாட்சியாகிவிட்டது!

"தோக்-பே அண்ணே, வாயில இருக்கற கல்லத் துப்பு" என்றேன்.

அவன் தலை குனிந்தான்.

"கல்குவாரியில ஒனக்கு வேலைக்கு எடம் வச்சிருக்கேன், மறந்துடாத" என்றான் ஹடானோ.

கி-சோப் கையை ஊன்றி நிமிர்ந்து தோக்-பேவைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடினார்.

"டேய்... நான் இருமி வேலய எழந்தேன். நீ இருமாமயே உசுர விடப்போற. எனக்காக ஒண்ணும் வேணாம், நான் போயிருவேன். நீயும் பன்னிக்கறியத் தின்னுக்கிட்டு என் பின்னாலதான் வருவ."

தோக்-பே பெட்டியைக் கீழே வைத்தான். கல்லைத் துப்பினான். பிறகு இருமல் வந்தது. வெகுநேரம் கட்டி வைத்திருந்தது. அவனை இரண்டாக மடக்கிப் போட்டது. தரையில் கிடந்த பனியில் சளி கறுப்பாக விழுந்தது. அவனுக்குப் பின்னால் இன்னொருவன் இருமினான். அப்புறம் எல்லோரும். கல் பொறுக்கும் பெண்கள் இருமினார்கள். நானும் இருமினேன். எனக்குள்ளும் அது இருந்தது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"என்ன, நடிக்கிறீங்களா?" என்று கத்தினான் ஹடானோ.

தோக்-பே வாயைத் துடைத்தான். "நடிச்சது இத்தன வருஷம், முதலாளி."

"நாளைக்குப் போலீஸோட வர்றேன். வேற வெடிக்காரனையும் கூட்டிட்டு வர்றேன்."

"கூட்டிட்டு வாங்க. அவன் நெஞ்சு எப்பிடின்னு நாங்களும் கேக்கறோம்."

சமையல்காரி சம்-நியோ அடுப்புக்குப் போனாள். பன்றி வெட்ட வெந்நீர் போடத்தான் போகிறாள் என்று நினைத்தோம். அவள் பானைத் தண்ணீரை நெருப்பில் கொட்டி அணைத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். பன்றியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு லாரி மலையிறங்கியது. அதன் கத்தல் திருப்பம் வரைக்கும் கேட்டது. பிள்ளைகள் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தார்கள்.

போலீஸ் நாளைக்கே வரலாம். ஆபீஸ் ஆள் வராமலே போகலாம். அவர் வரும்வரை கி-சோப் இருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவர் தலை என் தோளில் கனத்தது. வளை எங்களுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது.

தோக்-பேவுக்கு மறுபடி தொண்டை கமறியது. பழக்க தோஷம், கை வாயை மூடப் போனது.

"கைய எடுடா" என்றார் கி-சோப். "ஆபீஸ் வரைக்கும் கேக்கணும்."

தோக்-பே கையை எடுத்தான்.