தரைக்கு அடியில்

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பனி விழத் தொடங்கியிருந்தது. பழைய மரவீட்டின் தரை சில்லிட்டுக் குழந்தை ஓயாமல் இருமியதால், எவரெட் தரைக்கு அடியில் தவழ்ந்துபோய்க் குளிரைத் தடுக்கத் தெர்மகோல் பலகைகளைப் பொருத்திக்கொண்டிருந்தான். பாதியிலேயே வெளியே வந்துவிட்டான்.

“தரையைத் தாங்குற விட்டம் உளுத்துப்போச்சு லோர்னா. ஸ்க்ரூடிரைவரால குத்தினா கைப்பிடி வரைக்கும் எறங்குது.”

“பலகைய ஒட்டி மூடிடு. கோடையில பாத்துக்கலாம்,” என்றாள் மனைவி.

“மூடினா ஈரம் உள்ளயே நின்னு இன்னும் அழுகும். தொட்டில் அதுக்கு மேலதான் இருக்கு.”

“வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீதானே ஆசைப்பட்டு இந்த வீட்ட வாங்கின!”

குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, அக்கா வீட்டுக்குக் காரை எடுத்தாள்.

எவரெட் ஜாக்கியுடன் மறுபடி உள்ளே தவழ்ந்து விட்டத்துக்கு முட்டுக்கொடுத்தான். திருகத் திருகத் தலைக்கு மேலே தரை முனகியது; மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒருவழியாகத் தரை அசையாமல் நின்றது.

வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தான். அவள் எடுக்கவில்லை.