நாற்காலிக்குப் பொட்டு

ஒரு நாளும் நேரத்துக்கு வராத வல்லிபுரம் அன்றைக்குப் பார்த்து ஏழு மணிக்கே வாசலில் வந்து நின்றார், அதுவும் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு. கண்ணகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குருக்கள்மடம் கிராமத்தில் அவளுடைய வீட்டிலிருந்து வாவிக்கரைக்கு எண்பது அடி. கொஞ்சம் மணல், கொஞ்சம் சேறு, அதற்கப்பால் தோணி. மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு கால்கள் இரண்டும் சூம்பிப் போனவளுக்கு அந்த எண்பது அடிதான் உலகத்திலேயே நீளமான பாதை. தோணியில் ஏற்றிவிட்டால் போதும், இறாலுக்கு வலை போடுவதில் அந்தக் கரையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் ஏற்றிவிட வேண்டியவர் அக்காவின் புருஷன் வல்லிபுரம். அவர் தேத்தண்ணிக் கடையில் நாட்டு நடப்பு முழுவதையும் பேசி முடித்து வந்து, "என்ன பாரம்கா நீ" என்று ஊருக்கே கேட்கச் சொல்லி, தூக்கிக்கொண்டுபோய் வைப்பதற்குள் வெயில் ஏறிவிடும், இறாலும் போய்விடும். இருபத்திரண்டு வருடமாக இதே கூத்துத்தான். மனுஷன் நல்லவர். நல்லவராக இருப்பதால் வாய்விட்டு ஏசவும் முடியவில்லை, அதுதான் அவளுக்குப் பெரிய கோபம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜெயரூபன் என்ற பொறியியல் ஆராய்ச்சிக்காரன் அளவு நாடாவோடு வந்து அந்த எண்பது அடியையும் அளந்தான். சேற்றில் புதையாத அகலச் சில்லுகள் வைத்து மின்சாரத்தில் ஓடும் ஒரு நாற்காலி செய்தான். முதலாவது புதைந்தது. இரண்டாவது கவிழ்ந்தது, கண்ணகையோடு. மூன்றாவது போன மாதம் முற்றத்துக்குள் சொன்னபடி கேட்டது, தோணி வரை இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. அதன் கால்மிதிக்குக் கீழே இரண்டு கண்ணாடிக் கண்கள். முன்னால் ஆடு வந்தாலும் ஆள் வந்தாலும் தானாகவே நின்றுவிடும். ஆனால் ஆராய்ச்சிக்குக் கிடைத்த நிதி அதோடு தீர்ந்துபோனது. கொழும்பிலிருந்து நிதிக்குழு நேரில் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அடுத்த இரண்டு வருடத்துக்குத் தருவார்கள். இல்லாவிட்டால் நாற்காலி லொறியேறி ஆய்வுகூடத்துக்குப் போகும், கண்ணகை பழையபடி வல்லிபுரத்தின் தோளுக்குப் போவாள். குழு வருவது அன்றைக்குத்தான்.

அவள் அறைக்குள் சேலை மாற்றி முடித்து வாசலுக்கு நகர்ந்து வந்து பார்த்தால், நாற்காலிக்கு மாலை, கைபிடியில் வேப்பிலை, சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய்கள். பக்கத்தில் கோயிலுக்குப் போய் வந்த அக்கா புஸ்பம் சந்தனக் கிண்ணத்தோடு பூரித்துப்போய் நின்றாள்.

"புது வாகனம்கா. வாற ஆக்கள்ற கண்ணுப் பட்டா என்ன செய்யிற?"

எட்டு மணிக்குக் குழு வந்து சேர்ந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு ஐயாமார், கோப்போடு ஒரு மேடம். கண்ணகை நாற்காலியில் ஏறி உட்கார்ந்து பிடியை முன்னுக்குத் தள்ளினாள். நாற்காலி 'கீ' என்று கத்திவிட்டு அசையாமல் நின்றது. திரும்பவும் தள்ளினாள். திரும்பவும் கத்தியது.

ஜெயரூபன் ஓடிவந்து தேசிக்காய்களைப் பொறுக்கினான், மாலையைக் கழற்றினான். பலனில்லை. பின்பக்கமாகப் புகுந்து வயர்களைக் குடைந்தான், கையெல்லாம் கறுப்பு மை. மடிக்கணினியைப் பார்த்து அழாக்குறையாகச் சொன்னான்:

"முன்னுக்குச் சுவர் நிக்குதாம்."

"எந்தச் சுவர் மனே? இஞ்ச வேலியே கிடுகு வேலிதானே" என்றாள் புஸ்பம்.

மேடம் கோப்பில் எழுதினாள். ஒரு வரியோடு நிறுத்தாமல் அடுத்த வரிக்கும் போனாள். அந்த நேரம் பார்த்து வல்லிபுரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"மிஸ், இத்தினை வருசமும் நான்தான் தூக்கின. இப்பவும் தூக்கிக் காட்டட்டா?"

ஐயாமார் சிரித்தார்கள். யாரும் முகத்தைப் பார்க்காதபடி கண்ணகை தலையைக் குனிந்தாள். கால்மிதியில் மஞ்சளாக ஒரு சொட்டு வழிந்திருந்தது.

"அக்கா, பொட்டு எங்க வெச்ச?"

"நெத்தியத் தேடித் தேடிப் பாத்தன், காணல்ல. கீழ ரெண்டு வட்டக் கண்ணாடி இருந்திச்சி. அதுலதான் வடிவா அப்பி வெச்சன்."

ஜெயரூபன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். அந்த மையோடு தொட்டால் கண் இன்னும் குருடாகிவிடும். கண்ணகை கிட்ட நின்ற மேடத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"மிஸ், உங்கட கைலேஞ்சியக் கொஞ்சம் தாங்க."

மேடம் கைப்பையிலிருந்து மடித்த துணியை எடுத்தாள். பிறகு கோப்பை ஓர் ஐயாவிடம் கொடுத்துவிட்டு, தானே மணலில் குந்தியிருந்து, கொழும்புக் கைலேஞ்சியால் இரண்டு கண்களையும் துடைத்துவிட்டாள்.

நாற்காலி கிளம்பியது. கிளம்பி நாலடி போய் நின்றது. வல்லிபுரம் கைகளை விரித்துக்கொண்டு அதற்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். "மெல்ல மெல்ல, பள்ளம்" என்றார். அவர் விலகினால் அது போகும், போனால் அவர் குறுக்கே வருவார், அது நிற்கும். மூன்று தரம் இப்படி நடந்தது.

"அத்தான், விலகுங்க."

"விழுந்தா ஆர்கா தூக்கிற?"

"நீங்கதான். இப்ப விலகுங்க."

அவர் விலகினார். விரித்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

மணல் முடிந்தது, சேறும் முடிந்தது. கண்ணகை தோணியின் விளிம்பைப் பிடித்து, கைகளை ஊன்றி உள்ளே இறங்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் தோளும் படாமல் தோணிக்கு வந்திருக்கிறாள். சந்தோஷம் தாங்கவில்லை. வெயில் இன்னும் ஏறவில்லை, வலையும் தோணியில்தான் கிடந்தது. வேறென்ன வேண்டும், துடுப்பை எடுத்துவிட்டாள்.

"அக்கா! நில்லுங்க! குழு உங்களிட்ட பதினெட்டுக் கேள்வி கேக்கோணுமாம்!" ஜெயரூபன் கடதாசியை ஆட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை வந்துவிட்டான்.

"வந்து சொல்றன் தம்பி! இறால் எனக்காக நிக்காது!"

கொஞ்சத் தூரம் போய்த்தான் திரும்பிப் பார்த்தாள். ஐயாமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேடம் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். நல்லதோ கெட்டதோ, அவ்வளவு தூரத்துக்குத் தெரியவில்லை. புஸ்பம் கிண்ணத்தோடு நாற்காலியின் பின்பக்கத்தைச் சுற்றி நெற்றி தேடினாள். வல்லிபுரம் மட்டும் அதன் முன்னால் சேற்றில் குந்தியிருந்து, தோளில் கிடந்த சால்வையின் நுனியால் அதன் கண்களில் தெறித்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.