நடுவில் ஒன்றுமில்லாத வரைபடம்

எங்கள் கட்டடத்தின் முற்றத்தை முற்றம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் புழுதி, இரண்டின் மேலும் கார்கள். கிர்கிஸ்தான் தலைநகரான பிஷ்கெக்கின் இந்தப் பகுதியில் எல்லா ஐந்து மாடிக் கட்டடங்களுக்கும் இதே கதிதான். குடியிருப்பவர்கள் சார்பாக நகரசபைக்கு மனு எழுதுவது என் பொறுப்பு. எழுதுவேன், பரிசீலனையில் இருப்பதாகப் பதில் ஒழுங்காக வரும். ஆகவே மூன்றாம் மாடி ஐசிரெக் வந்து, நம் முற்றத்தை நகரசபையே கட்டித் தரக்கூடும் என்று சொன்னபோது, தேநீரை ஊற்றி முன்னால் வைத்துவிட்டு, இதை யார் சொன்னது என்று மட்டும் கேட்டேன்.

ஐசிரெக் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். அந்த வருடம் அவர்கள் வகுப்புக்கு முற்றங்கள்தான் பாடம். ஒவ்வொரு மாணவரும் நகரத்தில் ஒரு முற்றத்தைத் தேர்ந்தெடுத்துப் புதிதாக வரைய வேண்டும். அவற்றில் ஒன்றை மட்டும் நகரசபை கோடையில் கட்டும். குடியிருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். ஆசிரியை ரிம்மா இல்யினிச்னா நேரில் வந்து பார்த்துத் திருப்திப்பட வேண்டும். பிறந்ததிலிருந்து இந்தச் சேற்றைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவள், வேறு எந்த முற்றத்தை எடுப்பாள்?

அட்டையில் செய்த மாதிரியைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயம் தோய்த்து மரங்கள் செய்திருந்தாள். நடுவே சின்ன மண்மேடு, மேட்டைச் சுற்றி வாதுமை மரங்கள், பெஞ்சுகள், ஊஞ்சல். நகம் அளவு மனிதர்கள்கூட இருந்தார்கள். கார்களையெல்லாம் பின்பக்கச் சுவரோரம் தள்ளியிருந்தாள்.

கூட்டம் போட்டோம். எல்லோருக்கும் பிடித்திருந்தது, கீழ்வீட்டு தாலந்த்தைத் தவிர. டாக்ஸி ஓட்டுகிறவர். தன் படுக்கையறை ஜன்னலிலிருந்து காரைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் பழகியவர்.

"ஏம்மா எஞ்சினியர், இந்த அட்டையில என் வண்டி எங்க?"

"பின்னாடி சுவரோரம்ணே. நடந்தா ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம் நடக்கறதுக்கா நான் டாக்ஸி வாங்கினேன்?"

சிரித்தார்கள், கை தூக்கினார்கள். தாலந்த் மட்டும் கையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். பெரும்பான்மை போதும் என்று விட்டுவிட்டோம்.

வரைந்ததை நிஜ அளவில் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஆசிரியையின் பழக்கமாம். அதனால் ஏப்ரலில், கட்டடமே சேர்ந்து முற்றத்தைச் சுத்தம் செய்யும் சனிக்கிழமையில், ஐசிரெக் கயிறு பிடித்துச் சுண்ணாம்பு தூவினாள். நாங்கள் தோண்டினோம். பக்கத்தில் குழாய் பதித்தவர்கள் விட்டுப்போன மண் நடுமேடாயிற்று. வாதுமைக் கன்றுகளும் நட்டாயிற்று. ஆசிரியை மே மாதம் வருவதாக இருந்தது.

அவர் வருவதற்கு முன், தாலந்த்தின் அப்பா சபர்குல் ஐயா காலமானார். விடியலில் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. சற்று நேரத்தில் கம்பளிக் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது.

ஐந்தாம் மாடியில் வாழ்ந்தாலும் சரி, பத்தாம் மாடியில் வாழ்ந்தாலும் சரி, கிர்கிஸ்காரர்களான எங்களில் ஒருவர் இறந்தால் கடைசி இரவு கூடாரத்துக்குள்தான், அதுவும் சொந்த வாசலில். உள்ளே பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழ வேண்டும். வெளியே மகன்கள் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று அழ வேண்டும்.

லாரிக்காரர்கள் சட்டங்களை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். நடுவில் மண்மேடு, சுற்றிலும் கன்றுகள். ஓரத்தில் போடலாமென்றால் தலைக்கு மேல் காஸ் குழாய் போகிறது. மீதியிருந்தது குப்பைத் தொட்டிப் பக்கம்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் ஒரு தடவை அங்கே போய்த் திரும்பியது. தாலந்த் திட்டியிருந்தால் தேவலை. அவர் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் ஐசிரெக் வீட்டுச் செருப்போடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். நேராக மேட்டுக்குப் போய் முதல் கன்றைத் தோண்ட ஆரம்பித்தாள்.

தாலந்த் திரும்பி வந்தார். "விடும்மா. அடுத்த முற்றத்துல கேட்டுப் பாக்கறேன்."

"அடுத்தவங்க வாசல்லயா தாத்தாவப் படுக்க வைப்பீங்க?" என்றாள், தலையைத் தூக்காமலே.

தாலந்த் குனிந்து அவள் எடுத்த கன்றை வாங்கிக்கொண்டார். பிறகு எல்லோரும் இறங்கினோம். கன்றுகளை வேர் மண்ணோடு எடுத்து என் குளியல் தொட்டியில் அடுக்கினோம். மேட்டை வாரிச் சுவரோரம் கொட்டினோம். தேநீர் வேளைக்குக் கூடாரம் நின்றது. அதன் பின்னால் அண்டாவில் கறி வெந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஐசிரெக் என் வீட்டுக்கு வந்தாள். குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

"எத்தனை கூடாரம் இந்த முற்றத்துல பாத்திருக்கேன் அக்கா. எங்க பெரியப்பாவுக்கே இங்கதான் போட்டாங்க. வரையறப்ப ஒருத்தர்கூட ஞாபகத்துக்கு வரல. உயிரோட இருக்கறவங்கள மட்டும் வரைஞ்சு வெச்சிருக்கேன்."

எனக்கும்தான் தோன்றவில்லை, கட்டடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அட்டை மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது.

கூடாரம் பிரிக்கப்பட்டதும் தரையில் மிதிபட்ட வட்டம் ஒன்று மிஞ்சியது. அவள் அதை டேப் வைத்து அளந்தாள். லாரி எந்த வழியாக வந்தது, அண்டா எங்கே வைத்தார்கள், தண்ணீர் எங்கிருந்து தூக்கி வந்தார்கள், கூடார வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று எல்லோரையும் கேட்டாள். புதிய வரைபடத்தில் மரங்கள் பிறை போல ஒரு பக்கம் ஒதுங்கி நின்றன. அண்டா வைக்கும் இடத்தில் ஒரு குழாய். நடுவில் ஒன்றுமில்லை.

ரிம்மா இல்யினிச்னா வந்தார். குட்டையான, சுறுசுறுப்பான அம்மாள். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார், வரைபடத்தைப் பார்த்தார், அதன் வெறும் நடுவில் விரலை வைத்தார்.

"இங்க என்ன?"

"காலியா விட்டிருக்கேன் மேடம்." பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாக, நடுங்காமல் சொன்னாள்.

ஆசிரியை தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. "காரணம் சரி. ஆனா இந்த ஊர்ல காலி இடம் எத்தனை நாள் காலியா இருக்கும்? முதல் பனி விழறதுக்குள்ள இது கார் நிறுத்துமிடம். அதுக்கு உன் படத்துல என்ன பதில்?"

ஐசிரெக்கின் முகம் வெளுத்தது. கேள்வியில் நியாயம் இருந்தது. இன்னொரு மாணவனின் முற்றம் ஏற்கெனவே ஆசிரியைக்குப் பிடித்துவிட்டது என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். நாங்கள் எல்லோரும் எங்களை அறியாமல் தாலந்த்தைப் பார்த்தோம். ஏனென்றால் அந்த நேரத்தில் வட்டத்துக்குள் நின்றிருந்த ஒரே கார் அவருடையதுதான்.

தாலந்த் சாவியை எடுத்தார். வண்டியைப் பின்பக்கச் சுவர்வரை ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். நாங்கள் காத்திருந்தோம்.

"ஒரு நிமிஷம்கூட ஆகல," என்றார் ஐசிரெக்கிடம். பிறகு ஆசிரியையிடம், "அந்த நுழைவுல ரெண்டு இரும்புக் கம்பம் போடச் சொல்லுங்க. கழட்டி மாட்டற மாதிரி, பூட்டோட. லாரி வந்தா மட்டும் கழட்டுவோம். சாவி என்கிட்ட இருக்கட்டும்."

"உங்க கிட்டயா?" என்றேன், அடக்க முடியாமல்.

"வேற யார்கிட்ட? இந்த முற்றத்துல எவன் எங்க வண்டிய நுழைப்பான்னு என்னை விட யாருக்குத் தெரியும்?"

ஐசிரெக் அங்கேயே மண்டியிட்டு, நுழைவில் இரண்டு கம்பங்களைப் பென்சிலால் வரைந்தாள். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வட்டத்தையும் புள்ளிக்கோட்டுல போடு. இல்லன்னா கட்ட வர்றவன் காலி இடம்னு நினைச்சுப் பூந்தொட்டி வெச்சுட்டுப் போயிடுவான்."

அதற்கு மேல் அன்று எதுவும் சொல்லவில்லை. ஜூனில் முடிவு வந்தது. ஐசிரெக் மூன்று மாடியும் ஓடி இறங்கி என் கதவைத் தட்டினாள். ஜூலையில் இயந்திரங்கள் வந்தன. அதுவரை நான் குளிப்பதற்கு எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கன்றுகளில் பெரும்பாலானவை பிழைத்தன. இரண்டு பட்டுப்போன இடத்தில் தாலந்த் தன் கையால் ஆப்பிள் நட்டார், அப்பாவுக்குப் பிடிக்கும் என்று.

திறப்பன்று நகரசபை அதிகாரி வந்தார். நாற்காலிகள் கொண்டுவந்த லாரிக்காகக் கம்பங்களைக் கழற்றி வைத்திருந்ததால் அவருடைய கறுப்புக் கார் நேராக வட்டத்துக்குள் வந்து நின்றது. கைதட்டத் தயாராக நின்றவர்கள் விழித்தார்கள். தாலந்த் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"ஐயா, இங்க நிறுத்தக்கூடாது. பின்னாடி சுவரோரம் இடம் இருக்கு. நடந்தா ஒரு நிமிஷம்."

கார் பின்னால் நகர்ந்தது. அது முழுதாக வெளியே போகும்வரைகூடப் பொறுக்காமல் பிள்ளைகள் பந்தோடு வட்டத்துக்குள் ஓடினார்கள்.